செம்பன் மேஸ்திரி போட்ட ஓலைக் கூரை

கரட்டுக்காட்டில் செம்பன் என்று ஒரு கீரி இருந்தது. கூரை போடுவது அதன் தொழில். அதுவும் தட்டைக் கூரை!

முன்பெல்லாம் அந்தக் காட்டில் எல்லா வீட்டுக்கும் பனை ஓலைதான். சரிவாக வேய்ந்துவிட்டால் மழைத் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். பிறகு ஒரு முயல் தன் வீட்டுக்கு மொட்டை மாடி கட்டிக்கொண்டது. மாடியில் இலந்தைப்பழம் காயப்போட்டது. மாலையில் காலை நீட்டி உட்கார்ந்து காற்று வாங்கியது. பார்த்தவர்களுக்குப் பொறுக்குமா? எல்லோருக்கும் மொட்டை மாடி வேண்டும் என்று ஆகிவிட்டது.

தட்டைக் கூரையில் தண்ணீர் தேங்கும். தேங்கினால் ஒழுகும். அதனால் கம்பு பரப்பி, மரப்பட்டை போட்டு, மண் மெழுகி, அதற்கு மேல் குங்கிலியம் என்ற மரப்பிசினைக் காய்ச்சி ஊற்ற வேண்டும். காட்டோரத்தில் மனிதர்கள் போடும் கரிமூட்டத்தில் இருந்து செம்பன் கங்கு எடுத்து வரும். கூரை மேலேயே உடைந்த சட்டியில் நெருப்பை வைத்துக் குங்கிலியம் காய்ச்சும். அதன் மனைவி சித்தாயி மண் மெழுகும். இரண்டும் நல்ல வேலைக்காரர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் காட்டில் பூரணம் என்ற பெருச்சாளி தன் பொந்தில் ‘காப்பு வளை’ என்று ஒன்றை நடத்தி வந்தது. கூரை வேலை செய்கிற எல்லோரும் வருஷத்துக்கு ஒரு தடவை அந்த வளையில் தினை போட வேண்டும். வேலை செய்த இடத்தில் ஏதாவது சேதம் நடந்தால், வளையில் இருப்பதை எடுத்துப் பூரணம் வீட்டுக்காரருக்கு ஈடு கட்டிவிடும். தினை போட்டவர் கழுத்தில் ஒரு குன்றிமணி கட்டிவிடுவார்கள். குன்றிமணி இல்லாத மேஸ்திரியை யாரும் கூரையில் ஏற விடுவதில்லை.

அந்த வருஷமும் பூரணம் மூச்சு வாங்க நடந்து செம்பன் வீட்டுக்கு வந்தது.

“மேஸ்திரி, இந்த வருஷத்துல இருந்து ஓலைக் கூரைக்கு ஒரு சிரட்டை தினை. தட்டைக் கூரைக்கு நாலு சிரட்டை. நீ என்ன வேலை செய்றே?” என்று கேட்டது.

“தட்டைக் கூரைக்கு மட்டும் ஏன்க்கா நாலு?” என்றது செம்பன்.

“அதுல தண்ணி நிக்குது. நெருப்பும் வைக்கணும். ஆபத்து ஜாஸ்தி. அதான்!”

செம்பன் கணக்குப் போட்டது. இத்தனை வருஷத்தில் தன் வேலையில் ஒரு சேதமும் வந்ததில்லை. வராத சேதத்துக்கு எதற்கு நாலு சிரட்டை? நெருப்புச் சட்டியை வாலால் மெல்லப் பின்னால் தள்ளியது.

“நான் ஓலைதான்க்கா வேயறேன். தட்டைக் கூரை எல்லாம் நமக்கு எதுக்கு?” என்றது.

“நெருப்பு?”

“ஐயோ, நெருப்புன்னாலே எனக்குப் பயம்!”

பூரணம் ஒரு சிரட்டை தினையை வாங்கிக்கொண்டு, குன்றிமணியைக் கட்டிவிட்டுப் போனது.

சித்தாயிக்கு இது பிடிக்கவில்லை. “ஒரு ஓலையாவது வேஞ்சிருக்கீங்களா நீங்க? நாளைக்கு ஒண்ணு ஆனா என்ன சொல்லுவீங்க?” என்று கேட்டது.

“ஆனாத்தானே! மூணு சிரட்டை மிச்சம் பிடிச்சிருக்கேன். அதைப் பேசு!” என்றது செம்பன்.

அந்த மூன்று சிரட்டையையும் செம்பனின் குட்டிகள் சீக்கிரமே தின்று தீர்த்துவிட்டன.

மழைக்காலம் நெருங்கியது. ஒச்சாயி என்ற முள்ளம்பன்றி செம்பனைத் தேடி வந்தது. அதற்கு இரண்டு கைக்குழந்தைகள். புருஷன் இல்லை. மழைக்கென்று கிழங்கு தோண்டித் தோண்டி வீடு நிறையச் சேர்த்து வைத்திருந்தது.

“மேஸ்திரி, மழைக்கு முன்னால கூரையை முடிச்சுக் குடுக்கணும். குன்றிமணி இருக்கில்லே?” என்று கேட்டது.

“இந்தா, நல்லாப் பாரு மதினி!” என்று செம்பன் கழுத்தை நீட்டிக் காட்டியது.

குன்றிமணி பளபளவென்று இருந்தது. அது எந்த வேலைக்குக் கட்டிய மணி என்று ஒச்சாயி கேட்கவில்லை. காட்டில் யாருமே கேட்டதில்லை.

வேலை மளமளவென்று நடந்தது. கம்பு பரப்பியாயிற்று. பட்டை போட்டாயிற்று. மண் மெழுகிக் குங்கிலியமும் ஊற்றியாயிற்று. மாடி வழவழவென்று வந்துவிட்டது. அப்போது பார்த்து வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்த கரட்டு மேட்டில் ஓர் உடும்பு தன் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு இவர்களுக்காகக் காத்திருந்தது.

“கிளம்பு, கிளம்பு! மழை வந்தா அந்த வேலை கைவிட்டுப் போயிரும்!” என்று செம்பன் பறந்தது.

“சட்டியில இருந்து கங்கு சிதறி ஓரத்து இடுக்குல விழுந்திருக்குங்க. பட்டைக்கு அடியில புகையிற மாதிரி ஒரு வாசனை வருது. கொஞ்ச நேரம் இருந்து பாத்துட்டுப் போவோம்” என்றது சித்தாயி.

“அது குங்கிலிய வாசனை! நீ வா!”

மழை வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. ஒரு துளி விழுந்திருந்தாலும் அந்தக் கங்கு அணைந்திருக்கும். என்ன செய்வது, காற்றடித்ததில் பட்டைக்கு அடியில் இருந்த பொறி பற்றிக்கொண்டது. பொழுது சாய்வதற்குள் ஒச்சாயியின் கூரை திகுதிகுவென்று எரிந்தது.

ஒச்சாயி இரண்டு குட்டிகளையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தது. முதுகு முட்களின் நுனி எல்லாம் கருகிவிட்டது. குட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லவேளை! ஆனால் வீடு போய்விட்டது. சேர்த்து வைத்த கிழங்கு முழுக்கக் கரியாகிவிட்டது.

செய்தி கேட்டுச் செம்பன் சித்தாயியுடன் ஓடி வந்தது. காடே கூடி நின்றது.

“அழாதே மதினி! குன்றிமணி இருக்கு. பூரணக்கா வந்து எல்லாத்துக்கும் ஈடு கட்டிருவாங்க!” என்றது.

பூரணம் வந்தது. எரிந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. சாம்பலைக் கிளறி முகர்ந்து பார்த்தது. கறுப்பாக உருகிக் கிடந்த ஒன்றை நகத்தால் சுரண்டி எடுத்தது.

“இது என்ன மேஸ்திரி?”

“பிசினுங்கக்கா!”

“ஓலைக் கூரையில பிசின் எதுக்கு?”

“ஓலையை ஒட்ட!”

“ஓலை எங்கே?”

“எரிஞ்சு போச்சே!”

“சரி, எரியறதுக்கு முன்னால இந்தக் கூரை தட்டையா இருந்துச்சா, சரிவா இருந்துச்சா?”

செம்பன் திரும்பிப் பார்த்தது. கூரை ஒரு பக்கம் இடிந்து விழுந்து சாய்ந்து கிடந்தது. “பாருங்கக்கா, சரிவாத்தானே இருக்கு!” என்றது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒச்சாயி மட்டும் சிரிக்கவில்லை. குட்டிகளை அணைத்துக்கொண்டு அப்படியே நின்றது.

பூரணத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “நீ போட்டது ஓலைக் கூரைக்கான தினை. எரிஞ்சது தட்டைக் கூரை. வளையில இருக்கறது என் வீட்டுத் தினை இல்லே, மேஸ்திரி. உள்ளதைச் சொல்லி நாலு சிரட்டை போட்டவங்களோட தினை. அதை எடுத்து உன் பொய்க்குக் குடுக்க எனக்கு மனசு வராது!” என்றது.

“அப்போ என் பிள்ளைங்க எங்கே போகும்?” என்று ஒச்சாயி கேட்டது.

செம்பன் சித்தாயியின் காதருகே போய், “ராத்திரியோட ராத்திரியா வேற காட்டுக்குப் போயிரலாமா?” என்று கிசுகிசுத்தது.

“போய் அங்கே என்ன வேலை செய்வீங்க? அங்கேயும் குன்றிமணி கேப்பாங்க” என்றது சித்தாயி. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “மதினி, எங்க வீட்டுக்குப் போயிருங்க. கூரை புதுசு, ஒழுகாது. சேர்த்து வெச்ச தீனியும் உள்ளதான் இருக்கு, எடுத்துக்கங்க” என்றது.

செம்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்போ நாம எங்கே இருக்கறது?”

“நீங்கதான் ஓலைக் கூரை மேஸ்திரியாச்சே! ஒரு ஓலை வீடு போடுங்க, இருப்போம்!” என்றது சித்தாயி.

செம்பன் பனை மரத்தடிக்குப் போய் விழுந்து கிடந்த ஓலைகளைப் பொறுக்கியது. பாவம், ஓலையை எந்தப் பக்கம் மடிப்பது என்றுகூட அதற்குத் தெரியவில்லை. இழுத்துக் கட்டினால் கிழிந்தது. தளரக் கட்டினால் பறந்தது. கடைசியில் எப்படியோ ஒரு குடிசை நின்றது. நின்றது என்பதே பெரிய வார்த்தை.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. குடிசைக்குள் ஒழுகாத இடமே இல்லை. குட்டிகள் சித்தாயியின் வயிற்றுக்கு அடியில் பதுங்கி நடுங்கின. எதிரே, தனக்கென்று கட்டிய மாடி வீட்டில் ஒச்சாயியின் குட்டிகள் உலர்ந்த தரையில் சுருண்டு தூங்குவதைச் செம்பன் தினமும் பார்த்தது. நல்ல வேலைதான் செய்திருக்கிறோம் என்று நினைத்தது. நினைத்தபோது அழுகையும் வந்தது.

மழை விட்டது. செம்பனும் சித்தாயியும் வயல் வயலாகப் போய்ச் சிந்திய தினையைப் பொறுக்கின. நான்கு சிரட்டை சேர்ந்ததும் செம்பன் காப்பு வளைக்குப் போனது.

“என்ன வேலை செய்றே?” என்று கேட்டது பூரணம், அதே பழைய குரலில்.

“தட்டைக் கூரைக்கா! கூரை மேலேயே நெருப்பு வெச்சுக் குங்கிலியம் காய்ச்சுவேன். எனக்கு அவசர புத்தி வேற உண்டு. அதனால இனிமே வேலை முடிஞ்சதும் நெருப்பு நல்லா ஆறுற வரைக்கும் சித்தாயி கூரையை விட்டு இறங்க மாட்டா. நானும் இறங்க மாட்டேன்!”

“நான் இவ்வளவு கேக்கலையேப்பா!”

“நீங்க கேக்காட்டியும் சொல்லணும்க்கா. இன்னும் ஏதாவது விட்டுப்போச்சான்னு யோசிக்கிறேன்!”

பூரணம் புதுக் குன்றிமணியை எடுத்தது. கட்டும்போது, “சரி, ஓலைக் கூரை வேலையையும் சேர்த்து எழுதிக்கவா? அதுக்கு ஒரு சிரட்டைதான்” என்று கண்ணைச் சிமிட்டியது.

செம்பன் இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிட்டது. “வேண்டாம்க்கா! அந்த வேலை மட்டும் எனக்குத் தெரியவே தெரியாது!”

காப்புக்குக் கொடுக்கும் பங்கைக் குறைக்க வேலையை மறைப்பவர், ஆபத்து வரும் நாளில் காப்பில்லாமல் நிற்பார்.