ஒரு நெல் குறைந்த சாண்

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்குக் கடல் கடந்து ஓர் அச்சு இயந்திரம் வந்து சேர்ந்தது. அரசருக்குப் புதுச் சாமான் வந்தால் குடிகளுக்குத் தலைவலி என்பது உங்களுக்குத் தெரியாததா?

"நம் பாட்டனார் கோயில் மதிலில் வெட்டிவைத்த சாண் அளவை அச்சில் ஏற்றுங்கள். ஊருக்கொரு தாள் போகட்டும். இனி அந்தத் தாள் காட்டுவதே சாண்" என்று உத்தரவு பிறந்தது.

வேலை அடைக்கலத்தின் தலையில் விழுந்தது. அவன் அச்சுக்கோப்பவன், அரசவை விகடகவி திருமேனியின் தங்கை கணவன். திருமேனிதான் கையைக் காலைப் பிடித்து அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்திருந்தார். ஈய எழுத்துகளை அளக்கப் பாயிண்ட் என்று ஒரு பொடி அளவு உண்டு. எழுபத்திரண்டு சேர்ந்தால்தான் ஓர் அங்குலம். அடைக்கலம் மதிலோடு ஒட்டி உட்கார்ந்து அளந்தான். ஒரு விரல், ஐம்பத்துநான்கு பாயிண்ட். பன்னிரண்டு விரல் கொண்ட சாண், அறுநூற்று நாற்பத்தெட்டு. அந்த நீளத்துக்குக் கோடு அடிக்கும் பித்தளைப் பட்டையை வெட்டி அச்சடித்து, முதல் தாளை அமைச்சர் நல்லபெருமாளிடம் ஒப்படைத்தான்.

நல்லபெருமாளுக்குத் திருமேனியைக் கண்டாலே ஆகாது. அரசர் சிரிக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். மூன்று நாள் கழித்து அவர் தாளோடு சபைக்கு வந்தார். மதிலில் வைத்துப் பார்த்தாராம். கோடு ஒரு நெல் அகலம் குறைகிறதாம்.

"மகாராஜா! குறையளவு அளந்தவனின் கட்டைவிரலை வெட்டுவது தங்கள் பாட்டனார் வைத்த சட்டம். விகடகவியின் மைத்துனன் என்பதற்காகச் சட்டம் வளையலாமா?"

அரசர் திருமேனியைப் பார்த்தார். "இந்தத் தாளை வெட்டாமல், ஒட்டாமல், மேலே ஒரு புள்ளிகூட வைக்காமல், மாலைச் சபைக்குள் இதிலுள்ள கோடு கல்லிலுள்ள சாணுக்குச் சமமாகும்படி செய். முடியாவிட்டால் உன் மைத்துனன் விரல் போகும்."

திருமேனி தாளைச் சுருட்டிக்கொண்டு அச்சுக்கூடத்துக்கு நடந்தார். நாற்பது வருஷம் பிறரைச் சிரிக்க வைத்தவர், வழியில் ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அச்சுக்கூடத்தில் அடைக்கலம் தன் வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அடிச்ச கையோட கல்லுல வச்சுப் பார்த்தேன் மச்சான். இம்மி பிசகல. இப்ப குறையுதுன்னா நான் என்னத்தச் சொல்ல?"

"தெரியலையே மாப்ள."

"கட்டைவிரல் இல்லாம எழுத்தை எப்படிப் பொறுக்குறது? உங்க தங்கச்சிக்கு நான் என்ன கொண்டுபோய்ப் போடுறது?"

திருமேனி தாளை விரித்து வைத்துக்கொண்டு யோசித்தார். ஒன்றும் ஓடவில்லை. நான்தானே இவனை இங்கே இழுத்து வந்தேன் என்ற நினைப்பு வந்ததும் அடக்க முடியாமல் அழுதுவிட்டார். ஒரு சொட்டு தாளில் விழுந்தது. விழுந்த இடம் மெல்ல உப்பியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாப்ள, தண்ணி பட்டா தாள் உப்புமோ?"

"பின்ன? நல்லா நனைச்சு, ஊறவச்சுத்தானே அடிக்கிறோம். அப்பத்தான் மை பிடிக்கும்." சொல்லிவிட்டு அடைக்கலம் தாளை இழுத்துக் கண்ணருகே பிடித்தான். அதுவரை அவன் அச்சடித்ததெல்லாம் எழுத்து. காய்ந்தால் எல்லா எழுத்தும் சேர்ந்தே சுருங்கும், யார் கவலைப்பட்டார்கள்? இப்போதுதான் முதன்முறையாக ஓர் அளவை அடித்திருக்கிறான்.

மாலை, மதிலருகே சபை கூடியது. திருமேனி தாளை ஒரு தண்ணீர்த் தாம்பாளத்தில் முக்கி எடுத்து, ஊறவிட்டு, கல்லின் மேல் விரித்தார். கோடு கல்வெட்டோடு அச்சாகப் பொருந்தியது.

"மோசடி!" என்று கத்தினார் நல்லபெருமாள். "நனைந்தால் நீளுகிறது. காய்ந்ததும் குறைந்துவிடும். மூன்று நாள் மொட்டைமாடியில் நானே காயவைத்துப் பார்த்தவன்!"

திருமேனி கைகூப்பினார். "மகாராஜா, அடைக்கலம் ஈரத்தாளில் அடித்துக் கொடுத்தபோது சாண் நிறைவாக இருந்தது. குறைத்தது வெயில். சட்டப்படி அதன் கட்டைவிரலை வெட்ட வேண்டும். கிழக்கு வாசலில் காவலரை நிறுத்தினால் காலையில் பிடித்துவிடலாம். உடந்தையாக மாடி கொடுத்தவர் யாரென்று அமைச்சரே இப்போது சொல்லிவிட்டார்."

நல்லபெருமாள் சட்டென்று இரண்டு கைகளையும் அங்கவஸ்திரத்துக்குள் மறைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். அரசர் சிரித்ததால் சபையும் சிரித்தது.

"சபாஷ் திருமேனி! உன் மைத்துனன் விரல் பிழைத்தது. என்ன பரிசு வேண்டும்?"

அடைக்கலம் ஓர் ஓரத்தில் நின்று தன் கட்டைவிரலை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பிடி இன்னும் விடவில்லை.

"இனி இந்த நாட்டில் யாருடைய விரலையும் வெட்டுவதில்லை என்று ஓர் உத்தரவு வேண்டும், மகாராஜா. அதை அடைக்கலமே அச்சடிக்கட்டும்."

அரசர் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு முன்னைவிடப் பலமாகச் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இது அதைவிடப் பெரிய விகடமடா!" என்று சொல்லித் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். உத்தரவு மட்டும் பிறக்கவில்லை.

திருமேனி குனிந்து வாங்கிக்கொண்டார். குனிந்த தலையை நிமிர்த்த அவருக்கு வெகுநேரம் பிடித்தது.