முன்கண்ணாடியில் ஒட்டிய கும்பிடு

வண்டிகள் மட்டுமே குடியிருந்த ஓர் ஊரில், மேட்டுத் தெருவின் உச்சியில் ஒரு பெரிய கார் ஒருநாள் நின்றுபோனது. டேங்கில் சொட்டுப் பெட்ரோல் இல்லை.

"ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் தீர்த்துவிட்டீர்கள், முதலாளி" என்றது அதன் வைப்பர்.

"உனக்குக் கண்ணாடி துடைக்கிற வேலை. அதை மட்டும் பார்."

பிறகு கார், ஊருக்கே கேட்கும்படி ஹார்ன் அடித்து அழுதது. "நான் போய்விட்டால் என்னை நம்பியிருக்கிற நாலாயிரம் நட்டும் போல்ட்டும் தெருவுக்கு வந்துவிடுமே!"

அரசாங்க ஜீப் பதறி ஓடி வந்தது. கையில் ஒரு கேன். கேன் காலி.

அது நேரே மேட்டின் அடிவாரத்துக்கு இறங்கியது. அங்கே ஒரு மொபெட் கீரைக்கட்டுகளோடு சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஜீப் அதன் டேங்கில் குழாயை விட்டது.

"ஐயா, என்கிட்ட இருக்கறதே அரை லிட்டர். வெயில் ஏறிட்டா கீரை வாடிடும். வாடின கீரையை யாரு வாங்குவா?"

"கார் ஓடினால்தானே ஊர் ஓடும்? அது கிளம்பியதும் உன்னைக் கயிறு கட்டி இழுத்துப் போய்ச் சந்தையில் விடும். கட்ட வசதியாக இப்படி நடுத்தெருவில் நில்."

ஜீப்பே சொல்லிவிட்டதே என்று மொபெட் நடுத்தெருவில் நின்றது. அடுத்து ஷேர் ஆட்டோவின் டேங்க், அதற்கடுத்துப் பால்வண்டியின் டேங்க். கேன் நிறைந்தது.

காரின் வாயில் ஊற்றப் போகும் நேரம், "நிறுத்துங்கள்!" என்று ஒரு ஸ்டிக்கர் குறுக்கே வந்து விழுந்தது. அதில் ஒரு முகம் சிரித்தபடி கைகூப்பியிருந்தது. "ஒட்டாமல் ஊற்றினால் யார் ஊற்றினார்கள் என்று ஊருக்கு எப்படித் தெரியும்?"

"ஊற்றப்போவது மொபெட்டின் பெட்ரோல்" என்றது வைப்பர்.

யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டிக்கர் முன்கண்ணாடியின் நட்டநடுவில் ஒட்டிக்கொண்டது.

உடனே எதிர்க்கட்சி ஸ்டிக்கர் ஓடி வந்தது. "காரைக் காப்பாற்று என்று முதலில் கத்தியதே நாங்கள்தான். கொஞ்சம் தள்ளிக்கோ."

"பின்னால் கதவில் இடம் இருக்கிறதே, அண்ணே."

"கதவை எவன் பார்ப்பான்?"

அதன் பின்னே மாவட்டம் வந்தது, வட்டம் வந்தது, மகளிர் அணி வந்தது, இளைஞர் அணி வந்தது. ஒன்றின் காதை ஒன்று மறைத்துக்கொண்டு ஒட்டின. கீழே மொபெட்டின் கீரை தலை தொங்க ஆரம்பித்தது.

பொறுக்க முடியாமல் வைப்பர் ஒருமுறை கையை வீசியது.

"யார் மேல் கை வைக்கிறாய்?" என்று அத்தனை ஸ்டிக்கர்களும் கூச்சலிட்டன. ஜீப் வைப்பரை மடக்கிக் கட்டிப்போட்டது.

ஒருவழியாகப் பெட்ரோல் இறங்கியது. கார் உறுமியது. எல்லோரும் கைதட்டினார்கள். கார் சரிவில் இறங்கத் தொடங்கியது.

"வைப்பர், எதிரே என்ன தெரிகிறது?"

"உங்களுக்கு ஸ்டிக்கர்களின் முதுகுதான் தெரியும், முதலாளி. சிரிப்பெல்லாம் வெளிப்பக்கம்."

அடிவாரத்தில் நின்ற மொபெட்டுக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு முகங்கள் கைகூப்பியபடி வேகமாக அதை நோக்கி வந்துகொண்டிருந்தன. 'நமக்குத்தான் கும்பிடுகிறார்கள்' என்று முதலில் அதற்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் விலகப் பார்த்தது. விலகுவதற்கு டேங்கில் ஒன்றும் இல்லை.

கீரை தெரு முழுக்கச் சிதறியது. கார் எதன் மேல் ஏறினோம் என்று தெரியாமலே போய்விட்டது.

ஜீப் ஓடி வந்தது. "ஐயோ பாவம்! உடனே நிவாரணம்!"

புது ஸ்டிக்கர் ஒன்று அதிலிருந்து குதித்து இறங்கி, விழுந்து கிடந்த மொபெட்டை முன்னாலும் பின்னாலும் சுற்றிப் பார்த்தது.

"இதற்கு முன்கண்ணாடியே இல்லையே" என்று சொல்லிவிட்டு, கூப்பிய கையை எடுக்காமலே திரும்பி நடந்தது.