செங்கோடன் செய்த சத்தியம்

பழைய கார்க்காரர்களின் வாட்ஸப் குழுவில் மெக்கானிக்கிடம் போனால் கேலி செய்வார்கள். சொகுசுக் கார்க்காரர்களின் குழுவிலோ ஸ்பேனர் பிடித்தாலே கேவலம். இரண்டிலும் இருந்த செங்கோடன், தானே பிரேக் மாற்றிய படத்தைத் தவறிப்போய் சொகுசுக் குழுவில் போட்டுவிட்டார்.

சொகுசுக் குழு கொல்லிமலைப் பயணம் கிளம்பும்போது அதன் அட்மின் சபாநாயகம் மறித்தார். "'இனி என் வண்டியில நான் கை வைக்க மாட்டேன்'னு சத்தியம் பண்ணுங்க. இல்லேன்னா குழுவை விட்டுப் போங்க."

செங்கோடன் அப்படியே சத்தியம் செய்தார்.

மலை வளைவில் சபாநாயகத்தின் டயர் பஞ்சரானது. கார் கம்பெனியின் பழுதுபார்க்கும் வேன் நாளைக்குத்தான் வருமாம்.

"செங்கோடன், கொஞ்சம் பாருங்களேன்."

"தாராளமாங்க. சத்தியம் என் வண்டிக்குத்தானுங்களே!"

ஸ்டெப்னியை மாட்டிவிட்டுச் சொன்னார்: "அடுத்த வாரம் என் வண்டிக்கு ஆயில் மாத்தோணும். நான் தொடக்கூடாதுங்க, மெக்கானிக்கிட்ட போனா பழைய கார் குழுவுல சிரிப்பாங்க. நீங்கதான் அடியில படுக்கோணும்."

சபாநாயகம் தன் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"அந்தச் சத்தியத்தை வாபஸ் வாங்கிக்குங்க," என்றார்.