வாசலில் சாத்திய சுங்கக் கோல்

தடாலென்று கதவு பெயர்ந்து விழுந்தது. அரசவை விகடன் செவ்வந்தியப்பன் எழுந்து வருவதற்குள் சுங்கச் சேவகர்கள் நடுவீட்டில் நின்றார்கள்.

முன்னொரு காலத்தில், கடலோர ராஜ்யம் ஒன்றில் நடந்தது இது. தீர்வை கட்டாத உப்பும் பட்டும் படகேறி வருவதாக ராஜாவுக்கு ஒரு சந்தேகம். சந்தேகம் வந்தால் அவருக்குத் தூக்கம் வராது. அவருக்கு வராவிட்டால் ஊருக்கும் வராது. சுங்கத் தலைவர் மழவராயரிடம் முத்திரைக் கோல் ஒன்றைக் கொடுத்தார். அதை ஏந்தியவர் எந்த வீட்டிலும் எந்த நேரமும் நுழைந்து சோதிக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, தடுப்பவன் கை போய்விடும் என்று பறையறைவித்தார்.

செவ்வந்தியப்பன்மேல் ராஜாவுக்கிருந்த பிரியம் மழவராயரின் கண்ணை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. அதனால் முதல் சோதனை இங்கே. உள்ளறை நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. பிள்ளை பெற்ற அறை. ஆண்கள் நுழைவது வழக்கமில்லை. சேவகர்கள் நுழைந்தார்கள். விகடனின் மகள் வடிவு படுத்திருந்த பாயை உருவி உதறினார்கள். தொட்டிலைக் கிழித்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

"என்ன விகடரே, இன்றைக்குச் சிரிப்பு வரவில்லையா?" என்றார் மழவராயர். நாளையும் வருவதாகச் சொல்லிப் போனார்.

வடிவு குழந்தையை அணைத்தபடி சுவரோடு ஒண்டியிருந்தாள். "மறுபடியும் வருவாங்களாப்பா?"

"வரமாட்டாங்கம்மா."

சொல்லிவிட்டான். வழிதான் தெரியவில்லை.

ராஜசபைக்குள் கோலோ வாளோ கொண்டுபோகக் கூடாது. மறுநாள் மழவராயரும் செருப்பைக் கழற்றி, கோலை வாசலில் சாத்திவிட்டு உள்ளே போனார். செவ்வந்தியப்பன் அதை எடுத்துக்கொண்டு நேரே ராஜாவின் பள்ளியறைக்கு நடந்தான். காவலர்கள் தங்கள் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டு விலகி நின்றார்கள். மெத்தையைக் கிழித்தான்; பஞ்சு சபைவரை பறந்தது. பெட்டிகளைக் கவிழ்த்தான். சுங்க முத்திரையில்லாத சீனப் பட்டைச் சபை நடுவே இழுத்து வந்து போட்டான்.

ராஜா சீறினார். செவ்வந்தியப்பன் கைகூப்பினான். "எந்த வீடும் என்று பறையறைந்தார்கள், மகாராஜா. தாங்கள் குடியிருப்பதும் வீடுதானே?"

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சபை சிரித்தது. கடைசியாக மழவராயரும் சிரித்தார். பொற்கிழி வந்தது.

செவ்வந்தியப்பன் அதைத் தொடவில்லை. ராஜாவின் காலடியில் கோலை வைத்து விழுந்தான். "பரிசு வேண்டாம், மகாராஜா. இதை ஒடித்துப் போட உத்தரவு கொடுங்கள். வீட்டில் பச்சை உடம்புக்காரி நடுங்கிக் கிடக்கிறாள்."

ராஜா சிரித்து வந்த கண்ணீரைத் துடைத்தார். பொற்கிழியை அவன் முன்னே போட்டார். கோலை எடுத்து மழவராயரிடம் நீட்டினார்.

"அரண்மனை நீங்கலாக என்று இன்னொரு முறை பறையறையச் சொல்லும்."