வசூலுக்கு வந்த வண்டிக்குப் பெட்ரோல்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. இறந்துபோன தொழிலாளர்களின் பிள்ளைகளைப் படிக்க வைக்க அங்கே ஒரு நிதி இருந்தது. அதை எந்த ஷேரில் போடலாம் என்று சொல்ல ஆலோசகர் விஸ்வேஸ்வரன் வந்தார்.

"கிரெடிட் கார்டில் கடன் கொடுக்கிற பேங்க் ஷேரை வாங்குங்கள், வட்டி கொட்டும். கார்டு மூலையில் தன் முத்திரையைப் போட்டு, பணத்தைப் பேங்கிலிருந்து கடைக்குக் கடத்திவிடுகிற கம்பெனி வேண்டாம். அது கடன் கொடுக்காது, கார்டைத் தேய்க்கிற ஒவ்வொரு தடவைக்கும் சில்லறை வாங்கும். பிச்சைக்காசு!"

தையல்காரி மயிலாத்தாள் எழுந்தாள். அவள் பிள்ளையும் அந்த நிதியில்தான் படிக்கிறான்.

"ஷேர் பற்றி உனக்கென்ன தெரியும்? முடிந்தால் ஒரே கேள்வியில் என்னை மடக்கு, பார்க்கலாம்" என்றார் ஆலோசகர்.

"கேக்கறனுங்க. கம்பெனிக்கு ஆர்டர் நின்னப்போ எங்க வீட்டுக்காரரு கார்டுலதான் அரிசி வாங்கினாரு. கடனைக் கட்டாமயே போய்ச் சேந்துட்டாரு. பேங்குக்கு அந்தப் பணம் வரவேயில்லீங்க. முத்திரைக்காரனுக்கு அரிசி வாங்கின அன்னிக்கே காசு போயிருச்சு. பேங்க்லருந்து வசூலுக்கு வந்தவன் எதிர் பங்க்ல கார்டைத் தேய்ச்சுத்தான் பெட்ரோல் போட்டான். அதுலயும் அதே முத்திரை. கடன் வந்தாலும் வராட்டியும் காசு பாக்கறவன் யாருங்க?"

கம்பெனி முதலாளி எழுந்தார்.

"உங்க ஃபீஸை வாங்கிக்கங்க."

ஆலோசகர் கார்டு மெஷினை நீட்டினார். முதலாளி கார்டைத் தேய்த்தார்.

"இதுலயும் அந்த முத்திரைக்காரனுக்குப் பங்கு போயிருச்சுங்க" என்றாள் மயிலாத்தாள்.