பேச்சியம்மாளின் நாக்கு

பேச்சியம்மாள் மீன் ஏலம் கூறுகிறவள். அவள் குரல் எழுந்தால்தான் துறைமுகத்தில் கூடைகள் நகரும். இரண்டு மாதமாக அவள் நாக்கின் ஓரத்தில் ஒரு புண். ஆறவில்லை. புண்ணுக்கு நேரே ஒரு பல் உடைந்திருந்தது.

புண்ணிலிருந்து எடுத்த பயறளவுத் துண்டு, மெழுகில் பதிக்கப்பட்டு, மெல்லிசாகச் சீவப்பட்டு, சாயமேறி, கண்ணாடி வில்லையின்மேல் டாக்டர் சவரிமுத்துவின் நுண்ணோக்கிக்கு அடியில் கிடந்தது. புற்று என்று அவர் எழுதினால் பதினொரு மணிக்கு அவள் நாக்கில் பாதி போய்விடும்.

சவரிமுத்துவுக்கு ஐம்பத்தொரு வயது. இருபது ஆண்டுகள் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு, திசுக்களைப் பற்றிப் படிக்க வந்தவர். ஆசிரியை டாக்டர் நூர்ஜஹான் அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"எழுதிடட்டுமா மேடம்? மணி ஒன்பதரை."

"என்ன பார்த்தீங்க?"

"நாக்கை மேலே மூடியிருக்கிற எபிதீலியம் தடிச்சிருக்கு. செல்கள் பெருகியிருக்கு."

"தடிக்கிறது புற்றா?"

"இல்லை. உரசினா தடிக்கும். செருப்பு கடிச்ச இடம் மாதிரி."

"செல்லோட உருவம்?"

"சிலது பெரிசா இருக்கு. புண் ஆறப் பார்க்கும்போதும் அப்படி இருக்கும். அதை வச்சு நான் சொல்லலை." அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "கீழே இணைப்புத் திசு. அதுக்குள்ள எபிதீலியம் தீவு தீவா கிடக்கு. மேலே இருக்க வேண்டியதுக்குக் கீழே என்ன வேலை? எல்லையைத் தாண்டிடுச்சு மேடம்."

நூர்ஜஹான் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

தொலைபேசி அடித்தது. அறுவை மருத்துவர். "தியேட்டர் தயார். ரிப்போர்ட் எங்கே?"

வெளியே பெஞ்சிலிருந்து ஒரு குரல் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தது. "ஏ டாக்டரே, என் நாக்க உள்ள வச்சுக்கிட்டு என்ன பண்ணுதிய? காலையிலருந்து பச்சத் தண்ணி குடிக்கல!"

சவரிமுத்து பேனாவைத் திறந்தார்.

"துண்டை மெழுகில வச்சது யாரு சார்?"

"நான்தான். டெக்னீஷியன் லீவு."

"நிமிர்த்தி வச்சீங்களா?"

"வச்சேன்னு நினைக்கிறேன்." பிறகு, "அவசரத்துல கொஞ்சம் சாஞ்சிருக்கலாம்."

நூர்ஜஹான் எழுந்துபோய் மெழுகுக் கட்டையை எடுத்து உருக்கினார்.

"மேடம்! இன்னொரு தடவை வெட்டிச் சாயமேத்த ஒரு மணி நேரம் ஆகும்!"

"ஆகட்டும்."

மெழுகு இளகியது. அவர் இடுக்கியால் துண்டை எடுத்தார். தோல்பக்கம் எது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை நேராக நிறுத்தி, புது மெழுகு ஊற்றி, பனிக்கட்டியின் மேல் வைத்தார்.

சவரிமுத்து சன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி நடந்தார்.

நூர்ஜஹான் ஒரு ரப்பர் கையுறையை எடுத்தார். கட்டைவிரலை மடக்கிப் பிடித்து, மற்ற விரல்களைக் குறுக்கே இரண்டு முறை கத்தரித்தார். நுனிகளை ஒதுக்கிவிட்டு, வளையங்களை மட்டும் மேசையில் பரப்பினார்.

"இது என்ன சார்?"

"நாலு வளையம்."

"ஒண்ணுக்கொண்ணு ஒட்டு உறவு?"

"எதுவும் தெரியலை. மேடம், எனக்கு இப்ப விளையாடத் தோணலை."

"எனக்கும்தான்" என்றார் நூர்ஜஹான். கட்டை இறுகிவிட்டதா என்று தொட்டுப் பார்த்தார்.

பத்தே முக்காலுக்குப் புது வில்லை வந்தது. சவரிமுத்து குனிந்தார்.

தீவுகள் இல்லை. தடித்த எபிதீலியம் மேலிருந்து விரல் விரலாக இறங்கியிருந்தது. ஒவ்வொரு விரலும் மேலே ஒட்டியிருந்தது. அவற்றின் அடியில் எல்லைக்கோடு எங்கும் அறுபடவில்லை. அவர் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மூன்று முறை பார்த்தார். பேனாவை மூடினார்.

நூர்ஜஹானும் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். "கத்தி வேண்டாம். அந்தப் பல்லை முதல்ல கவனிங்க. மூணு வாரத்துல புண் ஆறலைன்னா இன்னொரு துண்டு அனுப்புங்க. நான் மறுபடி பார்க்கணும்."

கதவைத் திறந்து பேச்சியம்மாளிடமும் சொன்னார்.

"அப்ப ரெண்டு இட்லி திங்கலாமா?" வராந்தாவின் கடைசி அறையில் இருந்தவர்கூடத் தலையை நீட்டிப் பார்த்தார்.

சவரிமுத்து பழைய வில்லையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்போ நான் பார்த்த தீவெல்லாம் பொய்யா மேடம்?"

"பொய்யில்லை சார். அத்தனையும் அங்கதான் இருந்தது. சாஞ்ச துண்டைக் குறுக்கே சீவித் தனியாப் பிரிச்சது நம்ம கத்தி."