டயாலிசிஸுக்கு வந்த கடிதங்கள்

அருளானந்தத்துக்கு ஐம்பத்து நாலு வயது. ஆஸ்பத்திரி ரெக்கார்டு செக்‌ஷனில் இருபது வருஷம் ஃபைல் கட்டியவரைத் தூக்கி சர்வர் அறையில் போட்டுவிட்டார்கள். அவருக்கு சர்வரை ஓட்டும் லினக்ஸ் சொல்லிக்கொடுப்பவர் நஸ்ரின். முப்பது வயது. நஸ்ரின் அதிகம் பேசமாட்டார். இவரோ ஓரிடத்தில் உட்காரமாட்டார். நல்ல சேர்க்கை!

அன்று மத்தியானம் ஒரு மணிக்குள் நாலு தடவை எழுந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

"என்ன சார்?"

"பொண்ணை மதுரையில பிரசவத்துக்குச் சேர்த்தாச்சு மேடம். காலையிலேர்ந்து வலி. அம்மா இல்லாத பொண்ணு. அப்பா எங்க, அப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காளாம்."

"அப்புறம் ஏன் இங்க நிக்கிறீங்க?"

"ரெண்டு மணிக்கு லிஸ்ட் போகணுமே!"

லிஸ்ட் என்றால், நாளைக்கு டயாலிசிஸுக்கு வரவேண்டிய முப்பத்தெட்டுப் பேருக்குப் போகும் எஸ்.எம்.எஸ். எந்த மெஷின், எத்தனை மணி என்று அதில்தான் இருக்கும். அது போகவில்லையென்றால், முதல் பஸ் பிடித்து வந்த நோயாளி வராண்டாவில் நாள் முழுக்கக் கிடக்க வேண்டியதுதான்.

"அது தானா போகத்தானே க்ரான்ல எழுதினீங்க?" என்றார் நஸ்ரின். இந்த நேரத்துக்கு இந்த வேலையைச் செய் என்று கம்ப்யூட்டருக்கு எழுதிவைக்கும் அட்டவணைக்கு க்ரான் என்று பெயர்.

"எழுதினேன். நீங்க சொன்னபடி என் பேர்லகூட எழுதல. டயாலிசிஸ்னு ஒரு யூசரை உண்டாக்கி, அது பேர்லதான் எழுதினேன். சனியன், ஒருநாள்கூட ஓடல! நான் கையால தட்டினா உடனே ஓடுது. மூணு வாரமா தினமும் ரெண்டு மணிக்கு நான்தான் தட்டுறேன். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போய்கூட நாளாச்சு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"லிஸ்ட்தான் போயிடுதே மேடம், எதுக்குச் சொல்லணும்னு..."

இந்த இடத்தில் எனக்கே கோபம் வருகிறது. மூன்று வாரம்! நஸ்ரினுக்கு வரவில்லை.

"யாரா இருந்து தட்டுறீங்க?"

"இதென்ன கேள்வி? நானாத்தான்."

நஸ்ரின் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

"உட்காருங்க. உங்க லாகினை விட்டு வெளிய வாங்க. டயாலிசிஸா உள்ள போங்க."

"அது மனுஷனே இல்லையே மேடம். அதுல போய் நான் என்னத்த..."

"போங்க சார்."

போனார். உங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது என்றது திரை.

"யாருக்கு? எனக்கா?"

"இப்ப நீங்க யாரு?"

கடிதப் பெட்டியைத் திறந்தார். இருபத்தோரு கடிதங்கள். நாளுக்கு ஒன்று, எல்லாமே ரெண்டு மணிக்கு க்ரான் எழுதிப்போட்டவை. எல்லாவற்றிலும் ஒரே வரி: லிஸ்டைத் திறக்க அனுமதி இல்லை.

நர்ஸுகள் அனுப்பும் லிஸ்ட் தன்னுடைய சொந்த ஃபோல்டரில் வந்து விழும்படி வைத்திருந்தார் அருளானந்தம். வேறு யாரும் கை வைத்துவிடக் கூடாதென்று அதைப் பூட்டியும் வைத்திருந்தார். அவர் தட்டினால் திறந்தது; டயாலிசிஸுக்கு அது பூட்டிய கதவு.

"ஐயோ ஆண்டவரே! தினம் வந்து கேட்டிருக்கு. நான் இதை ஊமைன்னுல்ல திட்டிக்கிட்டு இருந்தேன்."

தன் லாகினுக்குத் திரும்பி, லிஸ்ட் இனி டயாலிசிஸின் ஃபோல்டரில் விழும்படி மாற்றினார். உரிமையையும் அதன் பேருக்கே எழுதிக்கொடுத்தார். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தார். மறுபடி டயாலிசிஸாக உள்ளே போய் லிஸ்டைத் திறந்து பார்த்தார். திறந்தது.

மணி ஒன்று நாற்பது. மதுரை பஸ் ஒன்று ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்.

"ரெண்டு மணிக்குப் போகுதான்னு ஒரு கண்ணு பாத்துட்டு, அடுத்த பஸ்ல போயிடுறேனே."

"அடுத்த பஸ் எப்ப?"

"அஞ்சு மணிக்கு."

செல்போன் அடித்தது. "வந்துடறேன்மா, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, நகராமல் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பாவம், மனுஷனுக்குப் போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மேடம். நான் இல்லாம இது ஓடுமா?"

"மூணு வாரமா நீங்க இருந்தீங்கல்ல சார், அதனாலதான் ஓடல."

அருளானந்தம் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.